டவுன் பஸ்ஸும் சுயமரியாதையும்

ஒரு சிறு நகரத்தின் யோக்கியதையை அறிய அதன் கோபுரத்தின் உயரத்தை அளக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு அங்குள்ள டவுன் பஸ் நிறுத்தத்தில் நின்று, யார் யார் ஏறுகிறார்கள், யாரை ஏற்றாமல் வண்டி போகிறது என்று கவனித்தால் போதுமென்பதே நமது அபிப்பிராயம்.

கோயிலிலும், குளத்திலும், சுடுகாட்டிலுங்கூட ஜாதிக்கோர் இடம் வகுத்து வைத்த நாட்டிலே, சீட்டு வாங்கியவர் பக்கத்தில் சீட்டு வாங்கியவர் உட்கார வேண்டியதுதான் என்று செய்தது பஸ். ஆனால் இதுவும் தானாக வந்துவிடவில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டோம் என்ற பஸ் முதலாளிகள் இங்கே இருந்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், அப்படி மறுப்பவர்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்திரவிட்டார். முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். அவர்கள் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் இன்றும் காத்துக்கொண்டேதான் இருந்திருப்போம்.

சரி, ஜனங்களின் மனமாவது மாறிற்றா? அந்தப் பழைய ஜில்லாவிலிருந்து பிரிந்ததே விருதுநகர் ஜில்லா. அங்கே 1997ஆம் வருஷத்தில் போக்குவரத்துக் கழகமொன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அவர் பட்டியல் வகுப்பில் பிறந்தவர் என்பதற்காகவே, அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சிலர். கலகம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் அவ்வருஷமே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், ஜில்லாக்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை எடுத்துவிட்டது சர்க்கார். பஸ்ஸின் மேலிருந்த பெயர் போயிற்று. உள்ளே ஏறுகிறவன் நெஞ்சிலிருக்கும் ஜாதியை எந்தச் சர்க்கார் சுரண்டி எடுக்கும்?

ஜாதிக்கு அடுத்தபடி பெண்களின் சங்கதி. 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழ்நாடு சர்க்கார் உத்திரவிட்டது. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக, புருஷனிடம் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. இது சிறிய காரியமா? ஆனால் சிலர் இதை “ஓசி” என்று கேலி பேசுகிறார்கள்.

அவர்களை ஒன்று கேட்கின்றோம். நீங்கள் கார் ஓட்டும் ரோட்டுக்கு அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தா போகிறீர்கள்? “வரி கட்டுகிறோம்” என்பீர்கள். தீப்பெட்டியும் சோப்பும் வாங்கும் கூலிக்காரியும் வரி கொடுத்துத்தானே வாங்குகிறாள்! உங்களுக்கு ரோடு உரிமையானால் அவளுக்குப் பஸ் மட்டும் பிச்சையா? பிரான்சு தேசத்தில் டன்கெர்க் என்ற சிறு நகரத்தில் 2018 முதல் ஆண், பெண் எல்லோருக்குமே பஸ் இலவசம். பஸ்ஸில் போவோர் தொகை அதனால் பெருகிற்றேயொழிய, அந்த ஊர் பிச்சைக்கார ஊராகிவிடவில்லை.

எனினும், காசில்லாமல் ஏற்றுவது பாதிக் காரியமேயாகும். கை காட்டும் பெண்களைக் கண்டும் நிற்காமல் போகிற வண்டியால் யாருக்கு என்ன லாபம்? ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்கு எத்தனை நடை பஸ் போகிறது? இருட்டிய பின் கடை வேலையும் ஆஸ்பத்திரி வேலையும் முடித்து வருகிறவள் எதில் வீடு சேருவாள்? பௌர்ணமி தோறும் திருவண்ணாமலை மலையைச் சுற்றிவர ஸ்பெஷல் பஸ்கள் விட முடிகிறது; உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவளுக்கு இரவில் ஒரு பஸ் விட முடியாதா?

ஆகவே தோழர்களே! நிற்காமல் போகும் வண்டியின் நம்பரையும் நேரத்தையும் குறித்து டிப்போவுக்கு எழுதுங்கள். ஒரு முறை பதிலில்லையென்றால் பத்து முறை எழுதுங்கள். “ஓசி” என்பவனுக்கு அந்த பஸ்ஸிலேயே பதில் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருகிறவரிடம் “எந்த ஊர், எந்தத் தெரு” என்று ஜாதியைத் துருவுகிறவனுக்கு, “இறங்குகிற இடத்தை மட்டும் கேள்” என்று சொல்லுங்கள்.