கவனக்குறைவு என்னும் வசதியான சொல்

அறுவை அரங்கில் தொற்று ஏற்பட்டு உயிர்கள் பறிபோகும் போதெல்லாம் நம் நாட்டில் ஒரே சொல் ஒலிக்கிறது: கவனக்குறைவு. அச்சொல் விசாரணையைத் தொடங்கி வைப்பதில்லை, முடித்து வைக்கிறது.

2022 ஆகஸ்ட் 25 அன்று தெலங்கானாவின் இப்ராகிம்பட்டணம் அரசு மருத்துவமனையில், ஒரே நாளில் 34 பெண்களுக்கு லேப்ராஸ்கோப் வழியாகக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. சில நாள்களில் நால்வர் இறந்தனர். விசாரணை தொற்றையே காரணமாகக் கண்டது. கண்காணிப்பாளர் உள்ளிட்டோர் மீது நடவடிக்கை பாய்ந்தது. பொதுவெளியில் விவாதமும் அத்துடன் ஓய்ந்தது.

ஆனால் எவரும் போட்டுப் பார்த்திருக்க வேண்டிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்த லேப்ராஸ்கோப்பைக் கழுவி, இரண்டு விழுக்காடு குளூட்டரால்டிஹைடு கரைசலில் குறைந்தது 20 நிமிடம் மூழ்கவைத்த பின்னரே அடுத்தவருக்குப் பயன்படுத்தலாம். கருவி ஒன்றே எனில், 34 பேருக்கு இடையில் 33 இடைவெளிகள். ஊறவைப்பதற்கு மட்டும் 11 மணி நேரம். கருவிகள் மூன்று எனினும் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். மூன்று லேப்ராஸ்கோப்கள் கொண்ட ஒரு குழு நாளொன்றுக்கு 30 அறுவைகளைத் தாண்டலாகாது என மைய அரசின் வழிகாட்டுதல் வரம்பிட்டதும் இக்காரணம் பற்றியே. எண்ணிக்கையை உயர்த்திவிட்டு நேரத்தைக் குறைப்பவர், கரைசலில் ஊறும் நிமிடங்களிலிருந்துதான் அதைத் திருட முடியும். இது செவிலியரின் மறதியன்று. பட்டியல் தயாரித்தவரின் முடிவு.

இப்பாடம் புதிதுமன்று. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு இதே அறுவையைச் செய்தார். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழங்கப்பட்ட மாத்திரைகளில் நஞ்சு கலந்திருந்ததா என்னும் சர்ச்சை தனியே எழுந்தது. அதன் முடிவு எதுவாயினும், 83 என்னும் எண்ணை அது நியாயப்படுத்தாது. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு பணித்தது. அக்கெடு முடிந்த பிறகே இப்ராகிம்பட்டணம் நிகழ்ந்தது.

முகாம்கள் இல்லையேல் ஏழைப் பெண்களுக்கு இச்சேவை எட்டாது என்பர் சிலர். வாரந்தோறும் குறித்த நாளில், குறைந்த எண்ணிக்கையில் அதே மருத்துவமனையில் செய்வதற்குத் தடை என்ன? ஏழைக்கு எட்டும் சேவை தூய்மை குறைந்ததாகத்தான் இருக்கும் என்பது வாதமன்று, இழிவு.

இனிப் பல்கலைக்கழகங்களின் பங்கு. இப்ராகிம்பட்டணம் வெளிச்சத்துக்கு வந்ததற்குக் காரணம், ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே அறுவை நடந்தமை. சிதறி நிகழும் தொற்றுகளுக்கு அந்த வெளிச்சம் இல்லை. ரேணிகுண்டா சந்திப்பின் நடைமேடைகளைப் பார்த்தால் இது விளங்கும். திருப்பதியிலும் சென்னையிலும் அறுவை முடித்துக் கடப்பைப் பக்கம் திரும்புவோர் கடந்து செல்லும் இடம் அது. அறுவைப் புண் தொற்றை 30 நாள் வரையிலும், உள்ளே கருவி பொருத்தப்பட்டிருந்தால் 90 நாள் வரையிலும் கணக்கிட வேண்டும் என்பது உலகம் ஏற்ற வரையறை. ஊர் திரும்பிய பத்தாம் நாள் சீழ் கட்டும் புண்ணை உள்ளூர் மருத்துவர் ஒருவர் பிரித்துக் கட்டுவார். அறுவை செய்த மருத்துவமனையின் பதிவேட்டில் அந்நோயாளி நலமுடன் வீடு திரும்பியவர்.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கைகழுவச் சொல்லும் முன் செய்தது எண்ணுதல். இரு பிரசவப் பிரிவுகளின் மரணங்களை ஒப்பிட்டதாலேயே அவருக்கு உண்மை புலப்பட்டது. நம் ஆய்வேடுகளோ செவிலியரிடம் வினாத்தாளை நீட்டி, கைகழுவும் அறிவு இத்தனை விழுக்காடு என்று எழுதி முடிகின்றன. கருவிகள் எத்தனை, ஊறிய நிமிடங்கள் எத்தனை, முப்பதாம் நாளில் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்தவர் யார் என்று கேட்கும் ஆய்வேடுகள் அரிது.

அவ்வினாக்களைக் கேட்காத ஆய்வுலகம், கவனக்குறைவு என்று பிறரைச் சுட்டும் உரிமையை இழந்துவிட்டது.