எறும்புக்கும் இனிஷியல் உண்டு

ஹெப்பகோடியில் எங்கள் தெருவில் ஒரு பெரிய புங்க மரம் இருக்கிறது. சென்ற மாதம் அதன் அடியில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனை எறும்பு கடித்துவிட்டது. கை வீங்கி, பையன் துடித்துப் போனான். அன்று மாலையே தெருவாசிகள் கூடினோம். மரத்தை வெட்டிவிட வேண்டும் என்றார் ஒருவர். பூச்சி மருந்து அடிப்பவர்களைக் கூப்பிட்டு மரம், மண், சாக்கடை ஓரம் ஒன்று விடாமல் அடித்துவிடலாம் என்றார் இன்னொருவர். "கடித்தது எந்த எறும்பு?" என்று கேட்டேன். "கடிக்கிற எறும்பு சார், வேறென்ன?" என்று பதில் வந்தது. அந்தப் பதில் போதாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஊரில் நம் பெரியவர்களைக் கேட்டிருந்தால் இப்படிப் பதில் வந்திருக்காது. பிள்ளையார் எறும்பு, சிற்றெறும்பு, கட்டெறும்பு, செவ்வெறும்பு, முசுறு என்று தனித்தனியாகப் பெயர் சொல்லியிருப்பார்கள். எது சாது, எது பொல்லாதது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் நமக்குக் குறைந்தவரல்லர். நம் எறும்பு அவருக்கு இருவெ, நம் கட்டெறும்பு அவருக்குக் கட்டிருவெ. இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கோ எல்லாமே "ஆன்ட்". மிஞ்சிப் போனால் ரெட் ஆன்ட், பிளாக் ஆன்ட்.

மறுநாள் காலை மரத்தடியில் சற்று நேரம் நின்று பார்த்தேன். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், கறுப்புத் தலை, செங்கல் நிற நடுவுடல், கறுப்பு வயிறு, பெரிய கண்கள். கூட்டமாக அல்லாமல் தனித்தனியாகக் கிளையில் விரைந்துகொண்டிருந்தன. இதன் அறிவியல் பெயர் டெட்ராபொனெரா ரூஃபோநைக்ரா. ரூஃபோநைக்ரா என்றால் செங்கறுப்பு. 'கடித்தது' என்று நாம் சொன்னாலும் இது தேளைப் போல வால்பக்கக் கொடுக்கால் கொட்டுகிறது. முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியிருப்பதால் பெண் எறும்புகள் மட்டுமே கொட்டும். வேலைக்கார எறும்புகள் அத்தனையும் பெண்களே.

இதற்கு முதலில் பெயர் வைத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன். தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை 1851-இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். வரிசையாகப் படை நடத்திச் சென்று கறையானை வேட்டையாடும் லெப்டோஜெனிஸ் புரொசெஷனாலிஸ், துள்ளிக் குதித்து இரை பிடிக்கும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் ஆகிய பெயர்களின் பின்பாதியும் அவர் கொடுத்ததுதான். இவ்விரண்டும் கொட்டுபவையே.

நம் செங்கறுப்பு எறும்பை ஜெர்டன் எசிடான் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். அது அமெரிக்க வெப்பமண்டலத்துப் படையெறும்புகளின் பேரினம். பிங்ஹாம் 1903-இல் எழுதிய நூலில் இது சிமா ஆயிற்று. இன்று டெட்ராபொனெரா. இதைப் பார்த்து, விஞ்ஞானிகளுக்கு வேறு வேலையில்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நமக்கு இது புதிதா? நம் பெயரில் இனிஷியல் முன்னே நிற்கும், சொந்தப் பெயர் பின்னே வரும். திருமணமானால் பெண்ணுக்கு இனிஷியல் மாறும், சொந்தப் பெயர் மாறாது. எறும்புக்கும் அப்படியே. ரூஃபோநைக்ரா என்ற சொந்தப் பெயர் அன்றும் இன்றும் அதுவே (இலத்தீன் இலக்கணப்படி ஈறு மட்டும் பாலுக்கேற்ப மாறியது). எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று தெளியத் தெளிய முன்பெயர் திருத்தப்பட்டது.

அந்தத் தெளிவு பெரிய அளவில் வந்தது 2006-இல். மரபணுக்களை ஒப்பிட்ட இரண்டு ஆய்வுக் குழுக்கள் அந்த ஆண்டு எறும்புகளின் வம்சாவளியை வெளியிட்டன. அதன்படி லெப்டோஜெனிஸும் ஹார்பெக்னாதஸும் ஒரு பெருங்கிளை. டெட்ராபொனெரா வேறு பெருங்கிளை. மரத்தில் நம்மைக் கொட்டும் செங்கறுப்பு எறும்பு, மண்ணில் நம்மைக் கொட்டும் லெப்டோஜெனிஸைவிட, கொடுக்கே இல்லாத கட்டெறும்புக்கும் முசுறுக்கும்தான் நெருங்கிய உறவு! குளவி போன்ற முன்னோரிடமிருந்து எல்லா எறும்புகளுக்கும் கொடுக்கு பாட்டன் சொத்தாக வந்தது. சில குடும்பங்கள் காப்பாற்றி வைத்துக்கொண்டன, சில இழந்துவிட்டன. கொடுக்கு இருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது.

ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு இது வியப்பாக இல்லை. 1960-களில் வந்த டபிள்யூ.டி.எம்.2, டபிள்யூ.டி.எம்.4 இரண்டும் அகலப் பாதை டீசல் எஞ்சின்கள். பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். ஆனால் முன்னது ஆல்கோ வடிவமைப்பு, பின்னது ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பு. டபிள்யூ.டி.எம்.2-க்கு உண்மையான தம்பி மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.டி.எம்.4. இரண்டின் உள்ளேயும் இருந்தது ஆல்கோவின் 251 வகை எஞ்சின். வெளித்தோற்றத்தையும் தண்டவாள அகலத்தையும் பார்த்துவிட்டு ரிப்பேருக்குப் போனவன் தவறான பாகத்தோடுதான் நிற்பான்.

எங்கள் தெருவும் அப்படித்தான் நின்றது. இந்த எறும்பு காய்ந்த கிளைகளின் பொந்தில் கூடு வைப்பது. அதற்கு மண்ணில் மருந்து அடித்து என்ன பயன்? யாரையும் தொந்தரவு செய்யாத பிள்ளையார் எறும்பும், கறையானைத் தின்று நம் கதவு நிலைகளுக்கு நன்மை செய்யும் லெப்டோஜெனிஸும் செத்திருக்கும். குற்றவாளி மேலே பத்திரமாக இருந்திருக்கும். காய்ந்த கிளைகளை மட்டும் கழிக்கச் சொன்னேன். மரம் தப்பியது.

அந்தச் சிறுவனின் தாய் கேட்ட கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு ஆராய்ச்சி சார், வலி என் பிள்ளைக்கு" என்றார். நியாயம்தான். இந்த எறும்பு கொட்டி சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டது இலங்கையிலும் தாய்லாந்திலும் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. பெரும்பாலோருக்குச் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் எது கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கொட்டியது எது என்று சொல்லத் தெரிந்தால், அடுத்த முறை எதனிடம் எச்சரிக்கையாக இருப்பது என்பதும் தெரியும். ஆகவே பெயர் தெரிந்துகொள்வது பண்டிதர்களின் பொழுதுபோக்கு அல்ல. அந்தத் தாய்க்குத்தான் அது முதலில் வேண்டும்.

சங்கத்து அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தீபகற்ப இந்தியாவின் எறும்புகளைப் பற்றி அஜய் நரேந்திரா, சுனில்குமார் இருவரும் 2006-இல் ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். அதைப் போன்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மரத்தடிக்குப் போங்கள். ஒவ்வோர் எறும்புக்கும் ஊரில் என்ன பெயர் என்று தாத்தா பாட்டியைத் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். கன்னடப் பெயரைப் பக்கத்து வீட்டில் கேட்கட்டும். பெயர் தெரியாததைத்தான் நாம் முதலில் அடிக்கக் கை ஓங்குகிறோம். பிழைக்க வந்த ஊரில் நம்மையும் ஒரு காலத்தில் பெயர் கேட்காமல் கும்பலாகப் பார்த்தவர்கள் உண்டு. அந்த வருத்தம் தெரிந்த நாம் எறும்பிடமாவது பெயர் கேட்டுப் பழகலாமே.