மட்டக்களப்போடு நின்ற தண்டவாளமும் மணிக்கு முந்நூறு கிலோமீற்றரும்

ஜகார்த்தாவுக்கும் பண்டுங்குக்கும் இடையே 142 கிலோமீற்றர். 2023 ஒக்டோபர் முதல் அத்தூரத்தை அதிவேகப் புகையிரதம் முக்கால் மணித்தியாலத்தில் கடந்து செல்கிறது. நம்மைப்போன்ற ஆசியத் தீவுநாடு ஒன்றுக்கு அது இயலுமாயின் இலங்கைக்கு ஏன் இயலாது என்று நம் இளைஞர் கேட்கின்றனர். கேட்கும் உரிமை ஏனையோரினும் கல்முனைக் கரையோரத்தாருக்கு மிகுதி. 1920களின் இறுதியில் மட்டக்களப்பை வந்தடைந்த இருப்புப்பாதை அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே பெரியநீலாவணை தொடங்கிப் பொத்துவில் ஈறாகப் புகையிரதம் கண்ட ஊர் ஒன்றேனும் இல்லை.

இக்கரையோரத்துப் பாண்டிருப்பிலிருந்து கொழும்புக்குப் புறப்படுவோர் இரவுப் பஸ்ஸையே நம்பியிருக்கின்றனர். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லும் தாய், கட்டுநாயக்கவில் விமானமேறி வளைகுடா நாட்டுக்குப் போகும் மகன், மருதமுனைக் கைத்தறிச் சாரிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுசெல்லும் வியாபாரி ஆகிய மூவரும் ஒரே பஸ்ஸில், ஒரே நெருக்கடியில் இரவைக் கழிக்கின்றனர். நோயாளியால் காலை நீட்ட முடியாது. நடுவழியில் கழிவறை கிடைப்பது சாரதியின் தயவைப் பொறுத்தது. புகையிரதத்தை இம்மக்கள் விரும்புவதற்கு வேகம் மாத்திரம் காரணமன்று. படுத்தோ நிமிர்ந்தோ போகலாம் என்பதே பெரிய ஆறுதல்.

ஆயினும், அதிவேகப் புகையிரதம் இந்நாட்டுக்கு இன்று தகுந்த முதலீடு அன்று என்பதே நம் துணிபு. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஜகார்த்தா பாதைக்கு ஏறத்தாழ 730 கோடி அமெரிக்க டொலர் செலவானது. கிலோமீற்றருக்கு ஐந்து கோடி டொலருக்கும் மேல். அரசாங்கப் பணம் ஒரு சதமும் தேவையில்லை என்று சொல்லித் தொடங்கிய அத்திட்டத்துக்கு, 2021இல் அந்நாட்டுத் திறைசேரியே கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையிலான 508 கிலோமீற்றர் பாதைக்கு 2017 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு 1.08 இலட்சம் கோடி இந்திய ரூபா. ஜப்பான் 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டுத் தவணையில் கடன் தந்தும் பணி குறித்த காலத்தில் முடியவில்லை. பிரித்தானியாவோ தன் புதிய அதிவேகப் பாதையின் வட பகுதியை 2023இல் நடுவழியில் கைவிட்டது. செல்வந்த நாடே திணறிய இடம் இது.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் தெளிவானது. மாத்தறைக்கும் பெலியத்தைக்கும் இடையே 2019இல் திறக்கப்பட்ட 26.75 கிலோமீற்றர் புதுப்பாதைக்குச் சீனக் கடன் 27.8 கோடி டொலர். கிலோமீற்றருக்கு ஒரு கோடி டொலர் என்று கொள்ளலாம். மாகோவிலிருந்து ஓமந்தை வரை 128 கிலோமீற்றர் பழைய பாதையை இந்தியக் கடனுதவியில் புதுப்பிக்க ஏறத்தாழ 9.1 கோடி டொலரே ஆனது. அதாவது கிலோமீற்றருக்கு ஏழு இலட்சம். அங்கே வண்டிகள் மணிக்கு 100 கிலோமீற்றர் வரை ஓடும்படி பாதை திருத்தப்பட்டது.

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். பயணம் எட்டு மணித்தியாலத்தை அண்மிக்கிறது. சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீற்றரைச் சுற்றியே நிற்கிறது. அதனை 70 ஆக்கினால் ஐந்து மணித்தியாலத்தில் சேரலாம். மீதப்படுவது மூன்று மணித்தியாலம். மாகோவுக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 210 கிலோமீற்றரை ஓமந்தைக் கணக்கில் புதுப்பிக்கச் சுமார் 15 கோடி டொலர் போதும். சமிக்ஞைக்கும் பெட்டிகளுக்கும் மேலும் இருமடங்கு சேர்த்துக்கொண்டாலும் ஐம்பது கோடியைத் தொடாது. ஐந்து மணித்தியாலத்தை இரண்டாகக் குறைத்து மேலும் மூன்று மணித்தியாலம் மிச்சப்படுத்த விரும்பினால், ஜகார்த்தா விலையில் 1,750 கோடி டொலர் வேண்டும். 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த நாடு, அடுத்த ஆண்டு சர்வதேச நாணய நிதியத்திடம் நான்காண்டுக்கெனப் பெற்ற உடன்பாடே சுமார் 300 கோடி டொலர்தான்.

ஜப்பானில் 1964இல் டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே அதிவேகப் பாதை வென்றதற்குக் காரணம் உண்டு. பழைய பாதை பயணிகளாலும் சரக்காலும் நிரம்பி வழிந்தது. அந்நெரிசலைத் தணிக்கவே புதுப்பாதை எழுந்தது. வேகம் அங்கே அதனோடு சேர்ந்து வந்த வரவு. நம் கிழக்குப் பாதையின் குறை வேறு. அது ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டும். வளையத்தில் கோத்த டப்லட் என்னும் வழியனுமதி வில்லையை நிலைய அதிபர் நீட்ட, சாரதி கைநீட்டி வாங்கினால்தான் அடுத்த நிலையம் வரை வழி திறக்கும். நூற்றாண்டுப் பழைமையான அவ்வேற்பாடு விபத்தைத் தடுக்கும் என்பது உண்மை. வேகத்தையும் சேர்த்தே தடுக்கிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கக் காட்டில் மீனகயா கடுகதி மோதி ஆறு யானைகள் மாண்டதை வாசகர் மறந்திரார். காட்டு வழியில் யானைக்குரிய கீழ்ப்பாதைகளும் வேலியும் இல்லாத நிலையில் மணிக்கு முந்நூறைப் பற்றிப் பேசுவது கேலி.

கல்முனை வரை பாதையை நீட்டவேண்டும் என்ற நெடுநாட் கோரிக்கையையும் இவ்வளவுகோலாலேயே அளக்கவேண்டும். பெலியத்தைக் கணக்கில் 40 கிலோமீற்றருக்கு 40 கோடி டொலர். நம் நிலம் சமவெளி, சுரங்கம் தேவையில்லை, ஆதலால் குறையலாம். ஆனால் கடலுக்கும் வாவிக்கும் இடையே இடுங்கிய எழுவான்கரையில் வீடில்லாத காணி எங்கே? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது மக்கள் பட்ட காணித் துயர் இன்னும் ஆறவில்லை. அவர்களை இன்னொருமுறை பெயர்க்கும் பாதை நமக்கு வேண்டாம். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வழியாகச் சம்மாந்துறை நோக்கி வரும் பாதையே சிந்திக்கத் தக்கது. அங்கும் ஓர் எச்சரிக்கை. வயல்வெளியில் பாதைக்கென உயர்த்திய மண்மேடு வெள்ளத்தை மறிக்கும். 2024 நவம்பரில் காரைதீவு - அம்பாறை வீதியில், மாவடிப்பள்ளி வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரசா மாணவர் மாண்டனரே, அவ்வீதிக்கு வேண்டியிருந்தது நீர் தாராளமாகக் கீழே ஓடும் உயர்ந்த பாலம். கைக்கெட்டும் அத்தகைய பாலங்கள் எத்தனை இன்னும் கட்டப்படாதிருக்கின்றன!

பெருந்திட்டம் என்றாலே கைதட்டும் பழக்கத்துக்கு ஒலுவில் துறைமுகத்தைவிட வேறு பாடம் நமக்கு வேண்டியதில்லை. டென்மார்க் நிதியுதவியில் எழுந்து 2013இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயிலை மணல் மூடிற்று. அதன் வடபுறக் கரையைக் கடல் தின்றது. கப்பல் வரும் என்று காத்திருந்த மீனவர் தோணி விடவும் இடமின்றி நின்றனர்.

ஆதலின் அரசிடம் நாம் கேட்பது மூன்று. வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே மாகோ - மட்டக்களப்புப் பாதைப் புதுப்பிப்பும் மின்சமிக்ஞையும் இடம்பெறல் வேண்டும். மட்டக்களப்பில் வண்டி வந்து நின்ற கால்மணி நேரத்தில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் புறப்படும் பஸ்களை, ஒரே பயணச்சீட்டில், இலங்கைப் போக்குவரத்துச் சபை ஓட்டவேண்டும். இதற்குக் கடனே தேவையில்லை. படுவான்கரைப் பாதைக்குரிய காணிக் கீற்றை நில அளவைத் திணைக்களம் இப்பொழுதே அளந்து வரைபடத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். பாதை பதினைந்து ஆண்டு கழித்து வரினும் சரியே. அதற்குள் அங்கும் வீடுகள் எழுந்துவிட்டால், பின்னர் எந்நாட்டுக் கடன் கிடைத்தும் பயனிராது.