டைரியில் ராகு காலம் இருக்கு, நம்ம தேதி இல்லை

வருசக் கடைசியில் தோழர்கள் கையில் புது டைரி புழங்க ஆரம்பித்துவிடும். நகைக்கடைக்காரன் கொடுத்தது, உரக்கடைக்காரன் கொடுத்தது, தொழிற்சங்கத்தில் கிடைத்தது. திறந்து பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ராகு காலம், எமகண்டம், குளிகை. அமாவாசை, பிரதோசம், முகூர்த்த நாள். எந்தக் காரியத்தை எப்போ தொடங்கணும்னு எவனோ நமக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறான். கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்த 1968 டிசம்பர் 25 அதில் உண்டா? மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியைக் கொளுத்திய 1927 டிசம்பர் 25 உண்டா? அந்தப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மட்டும்தான் இருக்கும்.

புது வருசத்தில் டைரியில் என்ன எழுதலாம் என்று வாரப் பத்திரிகைகள் யோசனை சொல்கின்றன. நன்றி சொல்ல மூன்று விசயம் எழுது, லட்சியத்தை எழுது, கோபத்தை எழுதிக் கிழித்துப் போடு, மனசு லேசாகும் என்கிறார்கள். மனசு லேசாகட்டும், வேணாம்னு சொல்லல. ஆனால் நம்ம கோபத்தை எதுக்குக் கிழித்துப் போடணும்? தேதி போட்டு வைப்போம். நமக்கு நடந்ததை நடந்த அன்றைக்கே நம்ம கையால் எழுதி வைக்காதவரைக்கும், நம்ம கதையை அடுத்தவன் டைரியில்தான் தேடணும்.

தமிழில் நாட்குறிப்பு என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்வார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாசி. 1736இல் தொடங்கி 1761 வரை எழுதினார். வியாபாரம், யுத்தம், துரைமார் பேச்சு எல்லாம் அதில் இருக்கு. மாதாகோயிலுக்குள் சாதி பிரித்துக் கட்டிய சுவரை எதிர்த்து 1745இல் பறையர் கிறித்தவர்கள் கிளம்பிய சேதியும் இருக்கு. கிளம்பினது நம்ம பாட்டன் பூட்டன். எழுதினது பிள்ளைவாள் கை. அதற்கு முந்தின ராத்திரி சேரிக்குள் என்ன பேசினார்கள், யார் முதலில் வாயைத் திறந்தது, எந்தக் கிழவி "போங்கடா"ன்னு தைரியம் சொன்னாள்? அதை எழுத அங்கே ஆள் இல்லை.

சரி, எப்படி எழுதுவது? அம்பேத்கர் காட்டியிருக்கிறார். தீண்டாமை தனக்கும் தன் சனத்துக்கும் என்ன செய்தது என்பதை 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று எழுதி வைத்தார். அவர் மறைந்து பல வருசம் கழித்து 1990இல்தான் தனிப் புத்தகமாக வந்தது. 1901இல் சிறுவனாகப் போன பயணம், 1929இல் சாலிஸ்கான், 1934இல் தௌலதாபாத் கோட்டை என்று வருசமும் இடமும் சொல்லித்தான் எழுதுகிறார். 1929இல் காந்தியின் 'யங் இந்தியா'வில் வெளிவந்த ஒரு கடிதத்தையும் அதில் சேர்த்திருக்கிறார். எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தீண்டப்படாத ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். இரண்டு ரூபாய் ஃபீசுக்குப் பேசி, நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கி வரச் சொல்கிறார். தெர்மாமீட்டரை அவர் ஒரு முஸ்லிம் கையில் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைக்கிறார். வந்த வழியே திரும்பப் போகிறது. பிறகு அந்தப் பெண் இறந்துபோகிறாள். தீண்டாமை கொடியது என்று மட்டும் அந்த ஆசிரியர் எழுதியிருந்தால் எப்பவோ மறந்திருப்போம். தெர்மாமீட்டர் எந்தெந்தக் கை மாறியது என்பதை எழுதினார். அதனால்தான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்குது.

'எனக்கு எழுத்து வராதுங்க' என்று சொல்கிற தோழர்களுக்கு ஒரு சேதி. பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ நகரச் சேரியில் கரோலினா மரியா தெ ஜீசஸ் என்றொரு கறுப்பினப் பெண் இருந்தார். பள்ளிக்கூடம் இரண்டு வருசம்தான். காகிதம் பொறுக்கி விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தார். குப்பையில் கிடைத்த நோட்டுகளில்தான் டைரி எழுதினார். பசி, ரொட்டி விலை, தண்ணீர்க் குழாயடிச் சண்டை, எல்லாம். 1960இல் புத்தகமாக வந்து உலகமெல்லாம் போச்சு.

இந்த வருசத்துக்கு என் யோசனைகள் இவை.

ஒன்று. டைரி கைக்கு வந்ததும் ராகு காலத்தை அடித்துவிட்டு நம்ம தேதிகளை எழுதுங்கள். சனவரி 1, கோரேகான் போர், 1818. சனவரி 3, சாவித்திரிபாய் பூலே பிறப்பு, 1831. மார்ச் 20, மகாட் குளம், 1927. சூன் 30, மேலவளவு, 1997. சூலை 23, தாமிரபரணி, 1999. செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் கொலை, 1957. உங்க ஊர்த் தேதியையும் சேருங்கள். அது வேற எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இரண்டு. கணக்கு எழுதுங்கள். இன்றைக்கு ஆணுக்குக் கூலி எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு? விடுதியில் என்ன போட்டான்? உதவித்தொகை மனுவை எந்தத் தேதி கொடுத்தோம், எத்தனை முறை திருப்பி அனுப்பினான்?

மூன்று. பேச்சைப் பேச்சாகவே எழுதுங்கள். 'இழிவாகப் பேசினார்' என்று வேண்டாம். எந்த வார்த்தை, எந்த இடம், யார் யார் கேட்க?

நாலு. வாரத்துக்கு ஒரு பெரியாளிடம் ஒரே ஒரு கேள்வி. செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் முதலில் நடந்தது யாரு ஆயா? இந்தப் பொறம்போக்குல முதல் குடிசை யாரோடது தாத்தா?

அஞ்சு. நம்மளையும் எழுதுங்கள். இயக்கக் கூட்டத்தில் பெண் தோழர்கள் எத்தனை பேர் பேசினார்கள், டீ கிளாசைக் கழுவியது யார்?

ஆறு. சந்தோசத்தை விட்டுடாதீங்க. தங்கச்சி பாசானது, மாட்டுக்கறி வறுவல், பறை அடித்து விடிய விடிய ஆடியது. நாம் வெறும் அழுகைக்காரர்கள் இல்லை.

வன்கொடுமை வழக்குகளுக்காகச் சாட்சிகளோடு கோர்ட்டு வராந்தாவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து இரண்டு மாதத்துக்குள், முடிந்தவரைக்கும், வழக்கை முடிக்கணும்னு சட்டத்தில் இருக்கு. நடப்பு நமக்குத் தெரியும். வருசங்கள் ஓடிய பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: என்ன கிழமை, மணி என்ன? 'பொழுது சாய்ற நேரமுங்க' என்பார் நம்ம ஆள். அங்கேதான் பிடிப்பார்கள். நடந்தபோதே தன் கையால் எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துச் சாட்சி சொல்ல, 1872ஆம் வருசத்துச் சாட்சியச் சட்டம் 159ஆம் பிரிவில் இடம் கொடுத்தது. 2024 சூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்திலும் அந்த இடம் உண்டு. ஆனால் அப்படிப் பார்த்தால், எதிர்த்தரப்பும் அதை வாங்கிப் பார்க்கலாம், அதை வைத்துக் குறுக்கு விசாரணையும் செய்யலாம். ஆகவே கண்டது வேறு, கேள்விப்பட்டது வேறு என்று பிரித்து எழுதுங்கள். பிறகு திருத்தாதீர்கள். ஒளிந்திருக்கும் காதல் சோடி எங்கே இருக்கு, சாட்சிக்காரர் எங்கே தங்கியிருக்கார் என்பதெல்லாம் டைரியில் ஏறவே கூடாது. யார் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது.

செல்போன் இருக்கே என்பார்கள் மாணவர்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போயிடும். போனைப் போலீஸ் பிடுங்கினால் எல்லாம் போச்சு. நாற்பது பக்க நோட்டு போதும். நாலு நாள் விட்டுப்போனால் அஞ்சாம் நாள் தொடருங்கள், விட்டதுக்கு வெட்கப்பட வேண்டாம். வருசக் கடைசியில் இரவுப் பள்ளியில் பத்துப் பேர் உட்கார்ந்து, வெளியே சொல்லக்கூடிய பக்கங்களை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத ஆயாக்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தப்பா எழுதியிருந்தா அவங்க திருத்துவாங்க.