வரி வாங்கத் தொழிலாளி, சலுகை கேட்டால் கம்பெனி!

காண்ட்ராக்டர் என்றால் நமக்கு யார் ஞாபகம் வரும்? ரோடு போடாமலே பில் போடும் வித்தை தெரிந்த ஆசாமி. மில் வாசலில் முப்பது பேரை நிறுத்தி, ஆளுக்கு இவ்வளவு என்று தன் பங்கை எடுத்துக்கொண்டு உள்ளே அனுப்புகிறவர்.

பிரிட்டனில் இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. அங்கே சர்க்கார் இலாகாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவரும், பொது ஆஸ்பத்திரியில் தற்காலிகமாக வேலை செய்யும் டாக்டரும், ரயில் பாதைத் திட்டத்தில் இருக்கும் இன்ஜினீயரும் ‘காண்ட்ராக்டர்’கள். ஆளுக்கு ஒரு கம்பெனி! அந்தக் கம்பெனிக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. காலையில் போய் மேலதிகாரி சொன்ன வேலையைச் செய்கிறார். ஆனால் காகிதத்தில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு வேலை செய்வதாக எழுதியிருக்கும்.

இந்த வேஷத்தால் யாருக்கு லாபம்? வேலை வாங்குகிறவருக்குத்தான் முதல் லாபம். சம்பளப் பட்டியலில் ஆள் இருந்தால் தேசிய இன்ஷூரன்ஸுக்கு எஜமான் பங்கு கட்டவேண்டும். விடுமுறைக்கும் நோய்க்கும் சம்பளம் தரவேண்டும். சும்மா வெளியே அனுப்ப முடியாது. கம்பெனி என்றால் ஒன்றும் கிடையாது. வேலை செய்கிறவருக்கும் வரியில் கொஞ்சம் மிச்சம். சம்பளமாக எடுக்காமல் லாப ஈவாக எடுத்துக்கொள்வார். இதை மறைப்பானேன்? பெரிய தலைகள் இதில் நன்றாகவே விளையாடினார்கள். 2012ல் ஒரு சர்க்கார் நிறுவனத்தின் தலைவருக்கே கம்பெனி பெயரில் சம்பளம் போவது வெளியே வந்து நாறியது. சர்க்காரே கணக்கெடுத்தபோது அப்படிச் சம்பளப் பட்டியலுக்கு வெளியே 2,400 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தப் பெரிய மனிதர்களுக்காக நாம் கண்ணீர் விடவேண்டியதில்லை.

ஆனால் சட்டம் யார் கழுத்தில் விழுந்தது என்பதுதான் கேள்வி.

1999 மார்ச் மாதம், தொழிற்கட்சி மந்திரி கோர்டன் பிரௌன் பட்ஜெட் போட்ட அன்று, வரி இலாகா ஓர் அறிக்கை விட்டது. அதன் நம்பர் 35. அதனால் அந்த விதிக்கே ‘ஐ.ஆர். 35’ என்று பெயர் நிலைத்துவிட்டது. 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நடுவில் இருக்கும் கம்பெனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் நீ தொழிலாளியா? அப்படியானால் தொழிலாளிக்குரிய வரியைக் கட்டு என்பது விதி. நியாயம்தானே என்று தோன்றும். பொறுங்கள்.

தொழிலாளி என்று எப்படித் தீர்மானிப்பது? யார் உத்தரவு போடுகிறார்? தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்ப முடியுமா? வேலை கொடுக்கவும் செய்யவும் இரு பக்கமும் கட்டுப்பட்டவர்களா? இவைதான் கோர்ட்டின் கேள்விகள். 1968ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் ஒரு லாரி டிரைவரின் கதை இருக்கிறது. கான்கிரீட் கம்பெனியின் வர்ணம் பூசிய லாரி. அதைத் தவணையில் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். உடம்பில் கம்பெனி யூனிபாரம். ‘ஊழியரைப் போலவே’ கம்பெனியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று ஒப்பந்தம். இத்தனைக்குப் பிறகும் அவர் தொழிலாளி அல்ல, சுதந்திரக் காண்ட்ராக்டர் என்று தீர்ப்பாயிற்று! இந்த லட்சணத்தில் இருக்கும் அளவுகோலை வைத்துத்தான் இன்றைக்கும் ஆளை அளக்கிறார்கள்.

2017 ஏப்ரலில் கன்சர்வேடிவ் சர்க்கார் இன்னொரு திருப்பு திருப்பியது. பொதுத்துறை வேலைகளில், யார் தொழிலாளி என்பதை வேலை வாங்கும் இலாகாவே தீர்மானிக்கவேண்டும். பணம் கொடுக்கும் ஏஜென்சி வரியைப் பிடித்துவிட்டு மீதியைத் தரவேண்டும் என்றது. பல ஆஸ்பத்திரிகளும் இலாகாக்களும் ஆளுக்கு ஆள் பார்க்காமல் கும்பலாக முத்திரை குத்தின. 2021 ஏப்ரலில் பெரிய, நடுத்தரத் தனியார் கம்பெனிகளுக்கும் இதே விதி வந்தது.

தோழர்களே, இங்கேதான் பித்தலாட்டம். இலாகா ஒருவரை ‘நீ தொழிலாளி’ என்று எழுதிக் கொடுக்கிறது. உடனே சம்பளத்தில் தொழிலாளியின் வரி பிடிக்கப்படுகிறது. “அப்படியானால் விடுமுறைச் சம்பளம் எங்கே?” என்று அவர் கேட்கிறார். “அது வேறு சட்டம். வரிக்கு மட்டும்தான் நீ தொழிலாளி” என்று பதில் வருகிறது! எடுக்கும்போது தொழிலாளி, கொடுக்கும்போது கம்பெனி. வரி இலாகாவிலேயே இப்படி வேலை பார்த்த ஒரு பெண் விடுமுறைச் சம்பளம் கேட்டு வழக்குப் போட்ட பிறகுதான், 2018ல் சமரசமாகப் பணம் பெற்றார்.

மற்றவர்களைக் ‘குடைக் கம்பெனி’களுக்குத் தள்ளினார்கள். பெயர்தான் குடை, நனைகிறவர் தொழிலாளி. ஏஜென்சி பேசிய தினக்கூலி முதலில் குடைக் கம்பெனியிடம் போகும். எஜமான் கட்டவேண்டிய இன்ஷூரன்ஸ் பங்கை அந்தக் கூலியிலிருந்தே கழிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் அந்தப் பங்கு 15 சதவீதம். பிறகு குடைக்காரர் கமிஷன். அதற்குப் பிறகு தொழிலாளியின் சொந்த வரி. விடுமுறைச் சம்பளமும் இதே கூலியிலிருந்து எடுத்து வைத்துக் கொடுப்பதுதான். சில குடைகள் பிடித்த வரியைச் சர்க்காருக்குக் கட்டாமல் விழுங்கி ஏப்பம் விட்டன. அதற்கு ஏஜென்சியைப் பொறுப்பாக்க 2026 ஏப்ரல் வரை காத்திருந்தார்கள்.

சட்டம் போட்டவர்களுக்காவது அது புரிந்ததா? தொழிலாளர் நலனைக் கவனிக்கும் இலாகாவே தப்பாகக் கணக்குப் போட்டு 8 கோடியே 79 லட்சம் பவுன் வரி இலாகாவுக்குக் கட்டியது. உள்துறை இலாகா 2 கோடியே 95 லட்சம். பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழு 2022ல் சொன்ன மொத்தம் 26 கோடியே 30 லட்சம் பவுன். சர்க்காரின் இடது பையிலிருந்து வலது பைக்கு! அதே வேலைக்கு ஏற்கெனவே கட்டிய வரியைக்கூடக் கழித்துக்கொள்ள 2024 ஏப்ரல் வரை வழி கிடையாது. 2022 செப்டம்பர் 23ல் க்வாஸி க்வார்டெங் என்ற நிதி மந்திரி இந்த மாற்றங்களை ரத்துச் செய்வதாக அறிவித்தார். அக்டோபர் 17ல் அடுத்த மந்திரி ஜெரமி ஹன்ட் அந்த ரத்தையே ரத்துச் செய்தார். இதற்குப் பெயர் நிர்வாகம்.

இது கம்ப்யூட்டர்க்காரர்களோடு பிறந்த நோயல்ல. பிரிட்டிஷ் கட்டிடத் தொழிலாளிக்கு இது பழைய கதை. கொத்தனாரையும் தச்சரையும் சுயதொழில்காரர் என்று எழுதி, இன்ஷூரன்ஸ் இல்லாமல், விடுமுறை இல்லாமல், மொத்தத் தொகையாகக் கையில் திணிக்கும் முறைக்கு ‘லம்ப்’ என்று பெயர். 1972ல் கட்டிடத் தொழிலாளர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரத்துக்கு 30 பவுன் கூலி, 35 மணி நேர வேலை, லம்ப் ஒழியவேண்டும் என்று கேட்டார்கள். மறியல் செய்தவர்களில் 24 பேர் மேல் வழக்குப் போட்டார்கள். டெஸ் வாரனுக்கு மூன்று வருஷம், ரிக்கி டாம்லின்சனுக்கு இரண்டு வருஷம் சிறை. சர்க்கார் லம்ப்பை ஒழிக்கவில்லை; அதிலிருந்து வரி பிடிக்க மட்டும் வழி செய்தது. பதிவு செய்தவரானால் 20 சதவீதம், செய்யாதவரானால் 30 சதவீதம் என்று அந்தப் பிடித்தம் இன்றும் நடக்கிறது.

2021 மார்ச்சில் அப்பீல் கோர்ட் அந்தத் தண்டனைகளை ரத்துச் செய்தது. டெஸ் வாரன் 2004லேயே இறந்துபோயிருந்தார்.