சீக்ரெட் வார்ஸ் படிக்கப் போறீங்களா? அந்த லிஸ்ட்டை முதல்ல மூடி வைங்க!

'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' 2026 டிசம்பர் 18, 'அவெஞ்சர்ஸ்: சீக்ரெட் வார்ஸ்' 2027 டிசம்பர் 17 என்று தேதி குறித்திருக்கிறது மார்வெல். அயர்ன்மேனாகவே பார்த்துப் பழகிய ராபர்ட் டௌனி ஜூனியர், இந்த முறை டாக்டர் டூமாக வருகிறார் என்று 2024 ஜூலையில் அறிவித்தார்கள். அப்போதிருந்தே "படம் வர்றதுக்குள்ள காமிக்ஸைப் படிச்சுடலாமே" என்ற ஆசை உங்களுக்கும் எட்டிப் பார்த்திருக்கும்.

நல்ல ஆசைதான். ஆனால் 'சீக்ரெட் வார்ஸ்' என்று தேடிய அடுத்த நிமிஷம் ஒரு லிஸ்ட் வந்து நிற்கும் பாருங்க, அங்கேதான் பாதிப் பேர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

2015 மே மாதம் தொடங்கிய இந்தக் கதையின் மையத் தொடர் வெறும் 9 இதழ்கள்தான். எழுதியவர் ஜோனதன் ஹிக்மேன், வரைந்தவர் எசாட் ரிபிச். ஆனால் அதே பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு கூடவே வந்த டை-இன் தொடர்கள் 40-க்கும் மேல். நம்ம ஊர் சீரியல்களில் 'மகா சங்கமம்' போடுவாங்களே, கிட்டத்தட்ட அதுதான். அங்கே ரெண்டு குடும்பம் ஒரு மண்டபத்தில் சந்திக்கும். இங்கே 40 குடும்பம்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். தொடருக்கு 4 இதழ் என்று வைத்தாலே 160 இதழ். ஒன்று 3.99 டாலர் என்றால் 600 டாலருக்கு மேல். நம்ம பணத்தில் 50,000 ரூபாயைத் தாண்டும். இதழுக்கு 10 நிமிஷம் என்றால்கூட ஒரு முழு நாளுக்கு மேல் தூங்காமல் படிக்கணும். எதுக்கு?

இந்த லிஸ்ட் யாருக்காகப் போடப்பட்டது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர்கள் இதழ் வெளிவருவதற்குப் பல வாரங்கள் முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காமல் தங்கிப்போனதைப் பொதுவாகத் திருப்பித் தரவும் முடியாது. எனவே பெயர் தெரியாத ஒரு புதுத் தொடரை 50 பிரதி வாங்கிப்போட அவர் யோசிப்பார். அதே தொடரின் அட்டையில் பெரிய கதையின் பெயர் இருந்தால் கொஞ்சம் தைரியமாக வாங்குவார். ஆக, அந்தப் பெயர்ப்பலகை முதலில் பேசுவது கடைக்காரரிடம். உங்களிடம் அப்புறம்தான்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1984-ல் ஜிம் ஷூட்டர் எழுதிய முதல் 'சீக்ரெட் வார்ஸ்' 12 இதழ்களாக வந்ததே மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளோடு சேர்த்துத்தான். ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை அதில்தான் அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் அவர் அந்த உடையோடு தன் சொந்தத் தொடரில் பல மாதங்கள் முன்பே வந்து நின்றுவிட்டார். உடை முதலில், காரணம் பிறகு. அன்றைக்கே குழப்பம் ஆரம்பம்!

சரி, 2015 கதைக்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெயர்ப்பலகை மாட்டிய 40 தொடர்கள் இல்லாமலே மையக் கதை உங்களுக்குப் புரியும். பெயர்ப்பலகையே இல்லாத ஒரு தொடரைப் படிக்காவிட்டால்தான் தலை சுற்றும்.

அந்தத் தொடர் 'நியூ அவெஞ்சர்ஸ்'. இதே ஹிக்மேன் 2013 முதல் 2015 வரை எழுதிய 33 இதழ்கள். ரெண்டு பிரபஞ்சங்கள் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. மோதும் இடம் பூமி. 8 மணி நேரம்தான் அவகாசம். ரெண்டு பூமிகளில் ஒன்றை அழித்தால் ரெண்டு பிரபஞ்சமும் தப்பிக்கும். இல்லையென்றால் ரெண்டுமே காலி. இதைத் தடுக்க ரீட் ரிச்சர்ட்ஸ், டோனி ஸ்டார்க், பிளாக் பாந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் எல்லாரும் ரகசியமாக ஒரு அறையில் கூடுகிறார்கள். வில்லனை அடித்து முடிக்கிற கதையாக இருந்தால் ரெண்டு இதழில் முடிந்திருக்கும். இங்கே கேள்வியே வேறு. நம்ம வீடு பிழைக்க, கோடிக்கணக்கானவர்கள் வாழும் பக்கத்து வீட்டைக் கொளுத்தலாமா? கேப்டன் அமெரிக்கா முடியாது என்கிறார். அதன்பிறகு நண்பர்கள் அவருக்குச் செய்வதை நான் சொல்லமாட்டேன், மூன்றாவது இதழில் இருக்கிறது.

அந்த மூணு இதழ்களை முதலில் படிங்க. பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கலாம், மையக் கதையும் உங்களுக்கான வண்டி இல்லை. பிடித்தால் 23-ம் இதழ் வரை நேராகப் போங்க. நடுவில் 'இன்ஃபினிட்டி' என்று 6 இதழ்களில் இன்னொரு கிராஸ்ஓவர் குறுக்கே வரும். தானோஸ் ரசிகர்கள் மட்டும் இறங்கிப் பார்க்கலாம். 24-ம் இதழிலிருந்து 'டைம் ரன்ஸ் அவுட்' என்ற பகுதி ஆரம்பம். அப்போது மட்டும் 'அவெஞ்சர்ஸ்' தொடரின் 35 முதல் 44 வரையிலான இதழ்களையும் சேர்த்துப் படிக்கணும், ரெண்டும் பின்னிப் பிணைந்து ஓடும். அப்புறம் அந்த 9 இதழ்கள். மொத்தம் 52. அதிகம்தான், ஆனால் ஒரே ஆள் எழுதிய ஒரே கதை.

அவ்வளவு பொறுமை இல்லையா? மையத் தொடரின் முதல் இதழில் பெரிய சண்டை. யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று புரியாது, பரவாயில்லை. ரெண்டாவது இதழ் புது உலகத்தில், புதுசாக வேலைக்குச் சேரும் ஒரு தோரோடு தொடங்கும். அவரோடு சேர்ந்து நீங்களும் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். செத்துப்போன பிரபஞ்சங்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டுச் செய்த உலகம் அது. கடவுளாக உட்கார்ந்திருப்பவர் டூம். தோர்கள் எல்லாம் அவருடைய போலீஸ். டூமை ஒரு முகமூடி வில்லனாக மட்டும் நினைத்திருந்தால், இங்கே ஒரு பயந்த மனிதனைப் பார்ப்பீர்கள்.

டை-இன்கள் ஏன் தேவைப்படாது என்பதற்குக் காரணமும் இந்த உலகத்தின் அமைப்புதான். ஒவ்வொரு துண்டும் ஒரு தனி நாடு. பெரும்பாலான டை-இன்கள் தன் நாட்டுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடும். நிறைய தொடர்கள் பழைய ஹிட் கதைகளின் பெயர்களைத் தூசி தட்டி மறுபடி ஓட்டியவைதான்.

விதிவிலக்கு இல்லாமலா? ஜேசன் ஏரன் எழுதிய 'தோர்ஸ்', 4 இதழ். கொலைகளைத் துப்புத் துலக்கும் போலீஸ்காரர்களாகத் தோர்கள். கொல்லப்படும் பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம். எங்கே பிடிக்கிறது இந்தக் கதை என்று தெரியாமலே முடித்துவிடுவீர்கள். பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் நடந்த கல்யாணத்தை 2007-ல் மார்வெல் கதையிலிருந்தே அழித்ததில் இன்னும் கோபம் இருக்கிறவர்களுக்கு 'ரின்யூ யுவர் வௌஸ்', 5 இதழ். அதில் அவர்களுக்கு ஒரு மகளும் உண்டு.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் என்றால் என் ஓட்டு 'மிஸ் மார்வெல்' 16 முதல் 19 வரை. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன். உலகம் அழியும் ராத்திரி. கமலா கானால் அதைத் தடுக்க முடியாது. வானத்தில் என்ன நடக்கிறது என்ற விளக்கம்கூடப் பெரிதாக இருக்காது. இருக்கிற கொஞ்ச நேரத்தில் அண்ணனைத் தேடுகிறாள், தோழிகளைப் பார்க்கிறாள், அம்மாவிடம் பேசுகிறாள். அந்த அம்மா பேசும் பக்கத்தை பஸ்ஸில் வைத்துப் படிக்காதீங்க.

இந்தக் கணக்கு எல்லா கிராஸ்ஓவருக்கும் பொருந்தாது. 2006-ல் வந்த 'சிவில் வார்' மையத் தொடர் 7 இதழ்கள்தான். அதன் ரெண்டாவது இதழில் பீட்டர் ஊரறிய முகமூடியைக் கழற்றுவார். அதற்கு அவர் வீட்டில் கொடுக்கும் விலையோ 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' இதழ்களில்தான் இருக்கிறது. அங்கே அந்த ஒரு டை-இன் இல்லாவிட்டால் கதைக்கு மனசே இருக்காது. ஆக, எந்த கிராஸ்ஓவரை எடுத்தாலும் அட்டையை விடுங்க. மையக் கதையை எழுதியவர் அதற்கு முன்னால் எதை எழுதிக்கொண்டிருந்தார், உங்களுக்குப் பிடித்த கேரக்டரை அப்போது யார் எழுதினார், இந்த ரெண்டையும் பாருங்க.

இப்போது படிப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. 8 இதழ் என்று திட்டமிட்ட மையத் தொடர் 9 ஆகி, தாமதமாகி, கடைசி இதழ் 2016 ஜனவரியில்தான் வந்தது. ஆனால் 'அதற்குப் பிறகு' நடக்கும் கதைகள் 2015 அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிட்டன. க்ளைமாக்ஸுக்கு முன்னாடியே யார் பிழைத்தார்கள் என்று அன்றைய வாசகர்களுக்குத் தெரிந்துபோனது. உங்களுக்கு அந்தக் கொடுமை இல்லை.

மார்வெல் அன்லிமிடெட் ஆப்பில் சந்தா கட்டினால் இவை எல்லாம் போனிலேயே கிடைக்கும். ஒரு சின்ன விஷயம்: கட்டம் கட்டமாக நகர்த்திக் காட்டும் வசதியை 'மிஸ் மார்வெல்' படிக்கும்போது வைத்துக்கொள்ளுங்க. ரிபிச் வரைந்த 9 இதழ்களுக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு, போனைக் குறுக்கே திருப்பிப் பிடிங்க. அவர் ரெண்டு பக்கம் விரித்து வரைந்த வானம் ஒரு கட்டத்துக்குள் அடங்காது.