சுவருக்குள் மறையும் செலவு

வீட்டுப் புதுப்பிப்புக் கடன் கோரி வரும் மதிப்பீட்டுத் தாள்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறோம். அண்மை ஆண்டுகளில் அவற்றுள் ஓர் அறை தவறாது இடம்பெறுகிறது. கணினி, பெரிய திரை, யு.பி.எஸ்., அச்சுப்பொறி, ஏ.சி. எனக் கருவிகள் அனைத்தும் குடியேறும் அறை அது. அலுவலகப் பணியும் பிள்ளைகளின் இணையவழிக் கல்வியும் அங்கேதான் நடைபெறுகின்றன. அவ்வறையின் பொய்க்கூரை, சுவர்ப் பலகை, மேசை ஆகியவற்றுக்குத் தனித்தனியே தொகை குறிக்கப்பட்டிருக்கும். மின்பணிக்கோ, ‘எலெக்ட்ரிகல் வேலை – மொத்தமாக’ என்று கடைசியில் ஒரே வரி. செலவைக் குறைக்க நேர்ந்தால் முதலில் வெட்டப்படுவதும் அவ்வரியே. இவ்வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

காரணம் எளிய கணக்குதான். ஏ.சி.க்கு 1,600 வாட், கணினிக்கும் திரைகளுக்கும் 400 வாட், லேசர் அச்சுப்பொறி சூடேறும் வேளையில் 800 வாட், பிறவற்றுக்கு 200 வாட் எனக் கொள்வோம். மொத்தம் 3,000 வாட். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஆகவே ஏறக்குறைய 13 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. பழைய வீட்டின் படுக்கையறையில் விளக்கு, மின்விசிறி, ஒரு 6 ஆம்பியர் பிளக் ஆகியவற்றுக்கென்று போட்ட மெல்லிய கம்பி இச்சுமைக்கு ஏற்றதன்று. எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைச் செருகினால் பிளக்குகளின் எண்ணிக்கை கூடுமே தவிர, கம்பியின் வலிமை கூடாது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று அதைவிடப் பெரியதைப் பொருத்துவோரும் உளர். கம்பி மிகையாகச் சூடேறாமல் காப்பதற்கே அக்கருவி இருக்கிறது. கம்பியை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்குவது, காவற்காரனை உறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மகளின் பணியறைக்காகக் கடன் கேட்டு வந்தார். “சுவருக்குள் மறையப்போவதற்கு இவ்வளவு பணமா, சார்?” என்பது அவருடைய கேள்வி. மின்பணியாளரைக் கொண்டு ஒருமுறை சோதித்துப் பார்க்குமாறு வேண்டினோம். மூன்று துளை கொண்ட பிளக்கின் எர்த் முனைக்குக் கம்பியே வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உலோகப் பெட்டி கொண்ட கணினி நாள்தோறும் இயங்கிவந்தது அந்தப் பிளக்கில்தான். அம்மையார் பொய்க்கூரையைக் கைவிட்டு, வயரிங்கை முழுவதும் மாற்றிக்கொண்டார்.

ஆகவே, மதிப்பீடு பெறும்போதே சிலவற்றைக் கேட்டறியுங்கள். உங்கள் மின்இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பளு போதுமானதா? ஏ.சி.க்குப் பிரதான பெட்டியிலிருந்து தனிக் கம்பி வருகிறதா? கணினிப் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியும், ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டரும் வழக்கமாக இடப்படுபவை. மின்கசிவிலிருந்து உயிரைக் காக்க 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ளதா? எர்த் இணைப்பு சோதிக்கப்படுமா? கம்பியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? இணையக் கம்பிக்கு வேறு குழாய் இடப்படுகிறதா? நாளைய தேவைக்கென ஒரு வெற்றுக் குழாயையும் பதித்து வைப்பது நலம். வேலை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் இருக்கட்டும். சுவரைப் பூசுமுன் கம்பி செல்லும் வழியைப் படமெடுத்து, ரசீதுகளோடு பாதுகாத்து வையுங்கள்.

கடன் கொடுப்பவர்கள் செலவைக் கூட்டச் சொல்கிறார்களே என்று நீங்கள் ஐயுறலாம். நாங்கள் வேண்டுவது தொகையைக் கூட்டுவதன்று, வரிசையை மாற்றுவதே. மேசையை அடுத்த ஆண்டு வாங்கலாம். பூசி வண்ணமடித்த சுவரை மீண்டும் உடைப்பது இருமடிச் செலவு. மின்பணியைத் தனித்தனி இனங்களாகப் பிரித்த மதிப்பீட்டோடு வாருங்கள். அந்தக் கடைசி வரியை முதல் வரியாகக் காண்பதே எங்கள் விருப்பம்.